முதலில் பூட்டைப் பாருங்கள், அப்புறம் போனை

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் செல்போன் பழுதுபார்ப்பது என் தொழில். இணையத்தில் பார்த்துப் பழைய போன் வாங்கியவர்கள் கொண்டுவரும் செட்டுகளில், உடைந்ததைவிடப் பூட்டிக்கிடப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் ஆன் செய்தால் பழைய சொந்தக்காரரின் ஜிமெயிலைக் கேட்கும். "எப்படியாவது எடுத்துக் குடுங்கண்ணே" என்பார்கள். விற்றவரின் நம்பரோ சுவிட்ச் ஆஃப்.

வாங்கும்போது எல்லோரும் கேமராவையும் டிஸ்பிளேயையும் தடவிப் பார்க்கிறோம். பழைய சொந்தக்காரரிடமிருந்து அந்தப் போன் முழுதாக விடுபட்டதா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஐபோனில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் இந்தக் கணக்குப் பூட்டு உண்டு. திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்று வைத்தது. போனில் உள்ளதையெல்லாம் அழித்தாலும் போகாது. அதனால் "ரீசெட் பண்ணி ரெடியா வச்சிருக்கேன்" என்று நீட்டும் செட்டை அப்படியே வாங்காதீர்கள். அவர் கையில் ஓடும் நிலையில் பாருங்கள். உங்கள் கண் முன்னால் அவர் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யட்டும். உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் கணக்கை ஏற்றி, முகப்புத் திரை வரும்வரை அங்கேயே இருங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பணம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு பூட்டு தவணைப் பூட்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தொழில் நன்றாக இருந்தபோது தவணையில் எடுத்த போனை, கையில் காசில்லாத அந்த நாட்களில் விற்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் உலை வைக்க வேண்டுமே. ஆனால் மீதித் தவணை நின்றால், கடன் கொடுத்த நிறுவனம் எங்கிருந்தோ போனைப் பூட்டிவிடக்கூடும். அப்போது அது உங்கள் கையில் இருக்கும். பில்லைக் கேளுங்கள். அதில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதத்தையும் கேளுங்கள்.

பூட்டு இல்லை என்றால், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணுக்கு வாருங்கள். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று தட்டினால் 15 இலக்க எண் திரையில் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் போனில் உங்கள் சிம்மைப் போட்டால் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு உங்களுக்குத்தான் வரும். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நம் கரையில் தனியாகக் கவனிக்க வேண்டியது உப்பு. படகுக்குப் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோன போன் எத்தனை அலையைப் பார்த்திருக்குமோ! தண்ணீர் புகாது என்று கம்பெனி சொல்வது நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்தது. கடல்நீர் உலர்ந்தாலும் உப்பு போர்டிலேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, மெல்ல அரிக்கும். இன்று நன்றாக ஓடும் செட் சில வாரத்தில் செத்துப்போவது இப்படித்தான். சிம் ட்ரேயை உருவி டார்ச் அடித்துப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். சார்ஜர் சொருகும் இடத்தில் பச்சைக் களிம்பு இருந்தால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

அப்புறம் 'யூனிஃபார்ம்' மோசடி. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. மாற்றலாகிப் போகிறவர்கள் பொருளை விற்பது நமக்குப் பழக்கமான விஷயம். அதனால்தான் "டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அவசரமா விற்கிறேன்" என்று அடையாள அட்டைப் படத்தோடு செய்தி வந்தால் நம்பிவிடுகிறோம். அந்த அட்டை வேறு யாருடையதாகவும் இருக்கலாம். கூரியர் செலவுக்கு முன்பணம், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று தொடங்கி, கடைசியில் "உங்க பணத்தைத் திருப்பி அனுப்புறேன்" என்று ஒரு கியூஆர் கோடு வரும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது.

நேரில் வர மறுப்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலில், முடிந்தால் ஒரு சர்வீஸ் கடையிலேயே சந்தியுங்கள். அதற்குச் சரி என்று சொல்ல நியாயமாக விற்பவருக்குத் தயக்கம் இருக்காது. விற்றவரின் கையெழுத்தோடு, ஐஎம்இஐ எண் எழுதிய ஒரு தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், ஏமாற்றியவர் பேசிய நம்பர், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அவைதான் தேவை.