ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை எப்போது ஊற்றலாம்?

மடிநோய் கண்ட கறவைக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதை ஊசி போட்டவரும் சொல்வதில்லை, மருந்து விற்றவரும் சொல்வதில்லை. ஆனால் பாலில் மருந்து எச்சம் இருக்கிறது என்று கொள்முதலில் திருப்பும்போது மட்டும் பழி முழுவதும் மாடு வளர்ப்பவர் மீது விழுகிறது. ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் பெண்கள் இப்படிக் கேள்வி கேட்கக்கூடத் தெரியாமல் திரும்பிப் போவதைப் பலமுறை பார்த்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

விதி சுருக்கமானது. மருந்து விதிகளின் 97ஆம் விதியில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கான மருந்தின் லேபிளில் விலக்குக் காலம், அதாவது மருந்து கொடுத்த பிறகு பாலையோ முட்டையையோ இறைச்சியையோ விற்கக் கூடாத நாட்கள், அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் அறுதியிடப்படாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் 2019 முதல் பண்ணை விலங்குகளுக்கு அறவே தடை செய்யப்பட்டுள்ளது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏமாறும் இடங்கள் இனிமேல்தான் வருகின்றன. நாளைக் கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும்; முதல் ஊசியிலிருந்து எண்ணித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்பின் பாலையும் ஒதுக்க வேண்டும். லேபிளில் உள்ள காலம் லேபிளில் உள்ள அளவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், அளவைக் கூட்டினாலோ இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டாலோ எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேட்டாக வேண்டும். மனிதர்களுக்கான ஊசி மருந்தை மாட்டுக்குக் கொடுத்தால் அதன் லேபிளில் விலக்குக் காலமே இருக்காது. அதனால் அன்றே கறந்து ஊற்றலாம் என்று எண்ணிவிடாதீர்கள். காய்ச்சினாலும் எச்சம் முழுவதும் போய்விடாது.

பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் சீட்டும் கிடைப்பதில்லை, பில்லும் கிடைப்பதில்லை. ஆகவே கேட்டு வாங்குங்கள். பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால், மாட்டின் காதுவில்லை எண், தேதி, மருந்தின் பெயர், போட்டவர் பெயர் ஆகியவற்றை நோட்டில் எழுதி, காலிக் குப்பியையும் அட்டைப்பெட்டியையும் படமெடுத்து வையுங்கள். பண்ணைகளில் எவ்வளவு ஆன்டிபயாடிக் செலவாகிறது என்று கண்காணிப்பதாகச் சொல்லும் அரசுக்கும் இந்தக் குறிப்பைவிட நம்பகமான ஆதாரம் வேறில்லை.

ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பவர்களின் நிலை இன்னும் மோசம். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்திடமிருந்தே வருகின்றன. தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது பண்ணைக்காரருக்குத் தெரியாது. ஏறக்குறைய 40 நாளில் பிடித்துவிடும் கோழிக்கு, 28 நாள் விலக்குக் காலம் உள்ள மருந்தை மூன்றாம் வாரத்தில் கொடுக்கச் சொன்னால், அந்தக் கணக்கு எப்படியும் பொருந்தாது. மருந்து கொடுக்கச் சொன்ன மேற்பார்வையாளரிடம் மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீவன மூட்டைச் சீட்டுகளைக் கிழித்தெறியாதீர்கள்.

புகார் கொடுக்கப் போனால் அலைக்கழிப்பு தொடங்கும். லேபிளில் காலம் இல்லை, சீட்டில்லாமல் விற்கிறார்கள் என்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கு உரியது. பாலிலோ இறைச்சியிலோ எச்சம் என்பது உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உரியது. சிகிச்சை பற்றியது கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு உரியது. ஒருவர் மற்றவரைக் காட்டித் திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. வாய்ச்சொல்லாகக் கேட்டுத் திரும்பாமல், மூவருக்கும் ஒரே மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதன் ரசீதோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுங்கள். மூன்று துறைகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் கேட்பதற்கு அதுவே வசதியான வழி.