டைம்அவுட்: காலாவதி அல்ல, கெடு

"இணைப்பு காலாவதியானது." ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கியவர் தன் நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும்போது எழும் டைம்அவுட் பிழைக்கு இந்தத் தமிழாக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இது தவறு. கற்பவரைத் தவறான இடத்தில் தேடவைக்கும் தவறு.

ஆங்கிலத்தில் இது டைம், அவுட் என்ற இரு சொற்கள் ஒட்டியது. ஆட்டத்தின் நடுவே எடுக்கும் சிறு ஓய்வுக்கும் அதே பெயர். கணினியில் பொருள் வேறு. பதிலுக்காக இவ்வளவு நேரம் காத்திருப்பேன், அதற்குள் வராவிட்டால் விட்டுவிடுவேன் என்று நிரல் முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் வரம்பு அது. காலாவதியோ காலம், அவதி என்ற வடசொற்களின் சேர்க்கை. அவதி என்றால் எல்லை. பிரித்தால் 'கால எல்லை' என்று வருவதால், பொருத்தம்தானே என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள்.

வேர் என்ன சொன்னாலும், இன்றைய பொருளை வழக்குதான் தீர்மானிக்கிறது. மருந்து காலாவதியாகும், உரிமம் காலாவதியாகும். இதுவரை செல்லுபடியானது இனிச் செல்லாது என்றுதான் தமிழர் யாரும் புரிந்துகொள்வார்கள். இணைப்பு டைம்அவுட்டில் இணைப்பு உருவாகவே இல்லையே! பிறக்காத ஒன்று எப்படிக் காலாவதியாகும்? அந்தச் செய்தியைப் படித்த புதியவர் கடவுச்சொல்லை மாற்றுகிறார், கணக்கைப் புதுப்பிக்க முடியுமா என்று பார்க்கிறார். தரவுத்தளச் சேவையின் அனுமதிப் பட்டியலில் அவருடைய ஐபி முகவரி (வலையமைப்பில் அவர் கணினியைக் குறிக்கும் எண்) இல்லாமல் இருக்கலாம். வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால், அவர் அனுப்பிய பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பதிலே சொல்லாமல் வீசியிருக்கலாம். 'காலாவதி' என்ற சொல் அந்தப் பக்கம் அவரைத் திரும்பவே விடாது.

இன்னொரு கேடும் உண்டு. அனுமதிச் சீட்டு போன்ற டோக்கன், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ், உள்நுழைவு அமர்வு ஆகியவை உண்மையிலேயே காலாவதியாகும். அவற்றுக்கும் டைம்அவுட்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பிழைப்பதிவைப் படிப்பவர் எதைச் சரிசெய்வார்?

'நேரம் முடிந்தது' என்பதும் உதவாது. யாருடைய நேரம், எதற்கான நேரம் என்று அது சொல்வதில்லை.

நம்மிடம் 'கெடு' இருக்கிறது. கெடு விதிப்பது, கெடு நீட்டிப்பது, கெடு தாண்டுவது என்று வினைகளும் தயாராக இருக்கின்றன. தெலுங்கின் 'கடுவு' இதற்கு உறவு என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். வடமொழிக் காலாவதியை ஏற்றுக்கொண்டு இதை மட்டும் தள்ளுவதில் நியாயமில்லை. கெட்டுப்போவது என்ற பொருளோடு குழம்பும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 'கெடு விதித்தார்' என்பதை யாரும் அப்படிப் புரிந்துகொண்டதில்லை.

வைத்துப் பாருங்கள், தெளிவு வரும். மோங்கோடிபி தரவுத்தளத்தை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கையாள உதவும் மங்கூஸ் நூலகத்தில், இணைப்பு கிடைக்கும்வரை கட்டளைகள் வரிசையில் நிற்கும். அதற்கு இயல்பான கெடு, அதாவது நாம் எதையும் மாற்றாவிட்டால் இருக்கும் கெடு, 10000 மில்லிவினாடி. தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசும் மோங்கோடிபி டிரைவர், சேவையகத்தைத் தேட வைத்திருக்கும் கெடு 30000. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கான பிஜி நூலகத்தின் பூலில் (எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரும் இணைப்புகளின் தொகுப்பில்) இயல்பாக 10 இணைப்புகள்தான். இணைப்புக் கெடுவோ 0, அதாவது கெடுவே கிடையாது. எடுத்த இணைப்புகளைத் திருப்பித் தராமல் பத்தும் தீர்ந்தால், பிழைகூட வராமல் நிரல் அப்படியே நிற்கும். இதைக் 'காலாவதி' என்ற சொல்லைக் கொண்டு விளக்க முடியுமா?

கெடுவை 60000 ஆக்கிவிட்டுக் காத்திருப்பதும் பெரும்பாலும் வீண். அனுமதிப் பட்டியலில் இல்லாத முகவரிக்கு எவ்வளவு காத்திருந்தாலும் பதில் வராது.

திரையைப் பார்க்காமல், சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பதால்தான் இந்தக் குழப்பம். இணைப்பு மறுக்கப்பட்ட பிழையையும் இதையும் சேர்த்து 'இணைப்புத் தோல்வி' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மறுப்பு என்றால் மறுமுனையிலிருந்து 'முடியாது' என்று பதில் வந்துவிட்டது. பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் (சேவையகத்தில் எந்த நிரலோடு பேசுவது என்று காட்டும் எண்ணில்) தரவுத்தளம் ஓடவில்லை. கெடு தாண்டியது என்றால் பதிலே வரவில்லை. முதலாவதற்குத் தரவுத்தளம் ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு வழியில் எது மறிக்கிறது என்று.