பேதியான குழந்தைக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

எங்கள் கொருக்குப்பேட்டைப் பக்கம் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டால் முதலில் படுப்பது குழந்தைகள்தான். நாலைந்து தடவை போனதுமே "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பெரியவர்கள் நிறுத்திவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் கண் குழி விழுந்து, குழந்தை வேகமாக, ஆழமாக மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சளி என்று நினைத்து நெஞ்சில் தைலம் தேய்ப்பார்கள். பெரும்பாலும் நுரையீரலில் ஒரு கோளாறும் இருக்காது.

ரத்தத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைக் காப்பதில் பெரிய பங்கு பைகார்பனேட்டுக்கு, சமையல் சோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட். குடல் சாறுகளில் அது நிறைய இருப்பதால் பேதியோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது, ரத்தத்தில் அமிலத்தின் கை ஓங்குகிறது. சிறுநீரகம் புதிதாகச் செய்து ஈடுகட்டும், ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஆகும். நுரையீரலுக்கு நிமிஷங்கள் போதும்: கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கரைந்தால் அமிலம், ஊதித் தள்ளினால் அமிலம் குறையும். அந்த மூச்சிரைப்பு இதற்காகத்தான்.

சரி, வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? போதாது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும், அது நீர்த்துப்போனால் மூளை செல்கள் தண்ணீரை இழுத்து வீங்கி வலிப்பு வரை போகலாம். கூல்டிரிங்ஸ் இன்னும் மோசம், அதிலுள்ள அளவுக்கு மீறிய சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியை அதிகப்படுத்தும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் அது மட்டும் போதாது.

குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். காலராவில்கூட அது வேலை செய்யும். 1971-இல் வங்காள எல்லையிலிருந்த பன்காவ் அகதிகள் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

அந்தக் கரைசலின் இன்றைய வடிவமான ஓஆர்எஸ் பாக்கெட்டில் குளுக்கோஸ், உப்பு, பொட்டாசியம் குளோரைடு, அப்புறம் சிட்ரேட். சிட்ரேட்டை உடல் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது, அதாவது இழந்த, அமிலத்தை அடக்கும் காரம் திரும்பக் கிடைக்கிறது. 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் சரியாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, ஒன்றுக்குப் போகாமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே.