ஆர்ம் உடைந்தால் முதலில் ஷாக்கைக் கழற்றிப் பாருங்கள்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு தந்தையும் பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனும் தங்கள் ஆர்.சி. (ரிமோட் மூலம் ஓட்டும்) டிரக்கை என் பழுதுபார்ப்புப் பணிமேசைக்குக் கொண்டுவந்தார்கள். உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவிலான, ஷார்ட் கோர்ஸ் என்னும் மண்தரைப் பந்தய டிரக் வகை வண்டி அது. அதன் பின்பக்க வலது ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை, இரண்டு மாதங்களுக்குள் மூன்றாவது முறையாக உடைந்திருந்தது. பிளாஸ்டிக் தரமில்லை என்று முடிவுசெய்து, அலுமினிய ஆர்ம் ஒரு ஜோடியையும் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பொருத்திக் கொடுத்தால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

ஆர்மைத் தொடுவதற்கு முன் பின்பக்க ஷாக்குகள் (அதிர்ச்சி தாங்கிகள்) இரண்டையும் கழற்றி, தண்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். இடது ஷாக் மெதுவாக, ஒரே சீராக உள்ளே சென்றது. வலது ஷாக் எந்தத் தடையும் இல்லாமல் சடக்கென்று அடிவரை போயிற்று. மூடியைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் கால்வாசிகூட இல்லை. ஒவ்வொரு தாவலிலும் வண்டி தரையைத் தொடும்போது இடது சக்கரத்தின் அடியை எண்ணெய் வாங்கிக்கொண்டது. வலது சக்கரத்தின் அடியை வாங்க எண்ணெய் இல்லாததால் அதை ஆர்ம் வாங்கியது. மூன்று முறையும் ஒரே பக்கம் உடைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலையில் அலுமினிய ஆர்மைப் பொருத்தியிருந்தால் ஆர்ம் உடைந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் வளைந்து கொடுக்காத உலோகம் அதே அடியை ஆர்மை இணைக்கும் கீல் ஊசிக்கும், அதைத் தாங்கும் பல்க்ஹெட் என்னும் பாகத்துக்கும், கடைசியில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் கடத்திவிடும். சில நூறு ரூபாயில் மாற்றக்கூடிய பாகத்துக்குப் பதிலாக வண்டியை முழுவதும் பிரித்துத்தான் மாற்ற முடிகிற பாகம் உடையும். அவர்களுக்குப் புதிய பிளாஸ்டிக் ஆர்ம் ஒன்றைப் போட்டு, நான்கு ஷாக்குகளையும் புதுப்பித்து அனுப்பினேன். நான் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். மேசைக்கு வரும் உடைந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பாகம் பலவீனமாக இருப்பதில்லை. ஷாக்கோ டயரோ கவனிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததனால்தான் எழுதுகிறேன்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் வண்டியின் ஷாக்கில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். பொழுதுபோக்குக்காகவும் பந்தயத்துக்காகவும் தயாராகும் வண்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. 1984-இல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்.சி.10 வண்டி எண்ணெய் நிரப்பிய அலுமினிய ஷாக்குகளோடு வந்தது. 2008-இல் டிராக்சாஸ் ஸ்லாஷ் வந்தபின் ஷார்ட் கோர்ஸ் டிரக்குகள் பரவலாகின. இந்த வண்டிகளில் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் துள்ளாமல் பார்த்துக்கொள்வது எண்ணெயின் வேலை. எண்ணெய் தீர்ந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் அந்தப் பொம்மையைப் போலத்தான் குதிக்கும்.

ஷாக் ஆயிலை 30 வெயிட், 40 வெயிட் என்று எண் சொல்லி வாங்குகிறோம்; எண் கூடினால் எண்ணெய் கெட்டி. அந்த எண் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது அன்று. அசோசியேட்டட் நிறுவனத்தின் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). லோசி நிறுவனத்தின் 30 வெயிட் 338. 40 வெயிட்டில் இது தலைகீழாகி, முன்னதில் 500 ஆகவும் பின்னதில் 516 ஆகவும் இருக்கிறது. இந்த வேறுபாடு சிறியதுதான். வேறு சில தயாரிப்புகளை ஒப்பிடும்போது இது இன்னும் பெரிதாகலாம். ஆகவே குப்பியில் அச்சிட்டுள்ள சென்டிஸ்டோக்ஸ் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன் ஜோடிக்கு ஒரே குப்பியிலிருந்தும், பின் ஜோடிக்கு ஒரே குப்பியிலிருந்தும் ஊற்றுங்கள். வெயிலில் எண்ணெய் இளகும். மார்கழிக் காலையில் சரியாக இருந்த வண்டி சித்திரை மதியத்தில் குதிப்பதாகத் தோன்றினால், 5 வெயிட் கூட்டிப் பார்ப்பது நியாயமான முதல் முயற்சி.

ஷாக் ஆயில் எளிதில் கிடைக்காததால் பலர் இருசக்கர வாகனத்தின் ஃபோர்க் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அது பெட்ரோலிய எண்ணெய், ஆர்.சி. ஷாக்குக்கு வேண்டியது சிலிக்கோன் எண்ணெய். பல ஷாக்குகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சிலிக்கோன் வளையமான ஓ-ரிங் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிவிடும். தண்டு முதலில் இறுகிச் சிக்கும். பிறகு ஓ-ரிங் சிதைந்து கசியத் தொடங்கும். அதோடு, ஃபோர்க் ஆயில் குப்பியில் காணும் எண்ணும் ஷாக் ஆயிலின் எண்ணும் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவை அல்ல. வழக்கமான 10W ஃபோர்க் ஆயில், 30 வெயிட் ஷாக் ஆயிலைவிடப் பல மடங்கு நீர்த்தது.

நிரப்புவதில் பொறுமைதான் முக்கியம். தண்டை முழுவதும் கீழே இழுத்து, குழாயை நேராக நிறுத்தி, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுங்கள். தண்டின் உள்முனையில் இருக்கும் துளையிட்ட தட்டான பிஸ்டனை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் அதன் துளைகளில் சிக்கிய காற்று குமிழ்களாக மேலே வரும். வேகமாக நகர்த்தினால் புதிய காற்று எண்ணெயில் கலக்கும். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே நிற்க விடுங்கள். மூடியபின் ஸ்பிரிங் இல்லாமல் தண்டை உள்ளே தள்ளி விட்டுவிட்டு, அது எவ்வளவு தூரம் தானாக வெளியே வருகிறது என்று பாருங்கள். இடதும் வலதும் ஒரே அளவு வெளியே வரவேண்டும். அழுத்தும்போது சளசளவென்று ஒலி கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள்; மீண்டும் திறக்கத்தான் வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டு விட்டுவிடுகிற வேலையை வேறு எந்த அமைப்பாலும் ஈடுசெய்ய முடியாது.

பிஸ்டனின் துளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு துளையும் நீர்த்த எண்ணெயும், பெரிய துளையும் கெட்டியான எண்ணெயும், விரலால் மெதுவாக அழுத்தும்போது ஒன்றுபோலவே தோன்றக்கூடும். தாவி இறங்கும்போதுதான் வேறுபாடு தெரியும்: பிஸ்டன் திடீரென வேகமாக நகர, சிறு துளைகள் வழியே எண்ணெய் உடனே பாய முடியாமல் ஷாக் ஒரு கணம் கட்டைபோல் இறுகிவிடும். உயரமான தாவல்களில் அது சேசிஸ் தரையில் தட்டுவதைத் தடுக்கும். கரடுமுரடான தரையில் அதே குணம் வண்டியைத் தெறிக்க வைக்கும். புதியவர்கள் வண்டியோடு வந்த பிஸ்டனையே வைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் மாற்றிப் பழகுவது நல்லது.

ஷாக்கின் வெளியே ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் பிரீலோடு வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது மிகப் பரவலான தவறான கருத்து. ஒரே சீரான ஸ்பிரிங்கின் கடினம் அந்த வளையத்தால் மாறுவதில்லை. வண்டி தரையிலிருந்து நிற்கும் உயரம்தான் மாறுகிறது. கடினமான ஸ்பிரிங் தேவை என்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். அப்போதும் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொன்றின் சிவப்புக்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இவை சரியாக அமைந்திருக்கின்றனவா என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. பேட்டரியை உள்ளே வைத்து, வண்டியை ஏறக்குறைய ஒரு அடி உயரத்திலிருந்து சமதரையில் நேராக விடுங்கள். சேசிஸ் தரையை இலேசாகத் தட்டி, வண்டி ஒரே முறை எழுந்து, தன் உயரத்தில் நிற்க வேண்டும். பலமாக அறைந்தால் ஸ்பிரிங்கோ எண்ணெயோ மென்மை. பந்துபோல் இரண்டு மூன்று முறை எழும்பினால் எண்ணெய் போதவில்லை. எழுந்து வரவே நேரம் எடுத்துக்கொண்டால் எண்ணெய் மிகக் கெட்டி. பிறகு சேசிஸை மெல்லத் தூக்கிப் பாருங்கள். சக்கரங்கள் உடனே தரையை விட்டு எழக்கூடாது. சில மில்லிமீட்டர் தொங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கிப் பிடிப்பது அந்தத் தொங்கலால்தான்.

ஷாக்கை எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும் தரையைத் தொடுவது டயர்தான். செலவழிக்க ஓரளவே பணம் இருப்பவர் மோட்டாரை வாங்குவதற்கு முன்பே டயரை வாங்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. புழுதி படர்ந்த செம்மண் தரைக்கு இடைவெளி விட்டு நிற்கும் ஊசிமுனை டயர்கள் பொருந்தும். இறுகிய களிமண் தரைக்குத் தாழ்ந்த, நெருங்கிய கட்டங்கள் போதும். ஆற்று மணலில் துடுப்பு போன்ற டயர் வேண்டும். தார்ச்சாலையில் ஊசிமுனை டயரை ஓட்டினால் ஒரே மாலையில் ஊசிகள் மழுங்கிவிடும். பிடிப்பு அதிகமானால் எல்லாம் நலம் என்றும் எண்ண வேண்டாம். மென்மையான புதிய டயரை மாட்டியவுடன் திருப்பங்களில் வண்டி உருண்டுவிட்டால், டயர் சறுக்க வேண்டிய இடத்தில் சறுக்காமல் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். வண்டியின் உயரத்தைக் குறைப்பதே அங்கே முதல் வழி.

டயருக்குள் அழுத்தக் காற்று இல்லை, ஃபோம்தான் இருக்கிறது. உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக வீலிலோ டயரிலோ சிறு துளை இருக்கும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓட்டினால் அந்தத் துளை வழியே நீர் புகுந்து ஃபோம் ஊறிவிடும். கரிசல் மண்ணாக இருந்தால் வெளியே சேறும் அப்பிக்கொள்ளும். இது எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கணக்கிட்டே சொல்கிறேன். ஷார்ட் கோர்ஸ் டயரின் விட்டம் ஏறக்குறைய 110 மில்லிமீட்டர். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 2,900 முறை சுழல்கிறது. அப்போது அதன் விளிம்பில் ஒட்டிய ஒரு கிராம் சேறு அரைக் கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஊறிய ஃபோம் பேரிங்கையும் அச்சையும் எப்படி உலுக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நீரில் ஓட்டியபின் டயர்களைக் கையால் பிழிந்து, துளை கீழே இருக்கும்படி வைத்து, முழுவதும் காய்ந்தபின்பே மறுபடி ஓட்டுங்கள்.

இதே கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்துக்கொண்டு, மோட்டாரைச் சோதிப்பதற்காகத் திராட்டிலை முழுவதும் அழுத்துவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சமயத்தில் ஒரு சக்கரம் எதிலாவது தடைபட்டு நின்றால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் கியர் அமைப்பான டிஃபரென்ஷியல் மற்றச் சக்கரத்தை இரு மடங்கு வேகத்தில் சுழற்றும். வேகம் இரு மடங்கானால் டயரைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். டயர் பலூன்போல் விரிந்து, ஒட்டு விட்டுப் பிய்ந்து பறக்கும். என் மேசையிலேயே ஒரு முறை அப்படிப் பிய்ந்த ரப்பர் முழங்கையில் அடித்து, ஒரு வாரம் வீக்கம் இருந்தது. அது கண்ணுக்கு நேராக வந்திருக்கலாம். குழந்தைகள் முகத்தை அருகே வைத்துப் பார்க்கும் இடம் அது. ஸ்டாண்டில் வண்டி இருக்கும்போது திராட்டிலைச் சிறிதளவே தொடுங்கள். ஷாக்கையோ சக்கரத்தையோ கழற்றும் முன் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

ஓட்டுவதற்கு முன் டயரின் விளிம்பை விரலால் பிரித்துப் பார்த்து, ஒட்டு எங்கும் விடவில்லை என்று உறுதிசெய்வது நல்ல பழக்கம். விட்டிருந்தால் மண்ணையும் எண்ணெய்ப் பசையையும் முழுவதும் துடைத்தபின் சூப்பர் குளூவை மெல்லிய கோடாக இடுங்கள். அந்தப் பசையின் ஆவி கண்ணை எரிக்கும். காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்து, பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 110 மில்லிமீட்டரிலிருந்து 130 மில்லிமீட்டருக்குப் போனால், கியரை ஏறக்குறைய 18 சதவீதம் உயர்த்தியதற்கு ஒப்பாகும். வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும். மோட்டாரும் ஸ்பீடு கண்ட்ரோலரும் சூடேறும். மோட்டாரின் தண்டில் 20 பல் பினியன் (சிறு பற்சக்கரம்) இருந்த இடத்தில் 17 பல் போட்டால்தான் பழைய சுமைக்குத் திரும்ப முடியும். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் மோட்டாரின் வெளிப்புறம் 80 டிகிரி செல்சியஸை நெருங்குமானால் நிறுத்திவிடுங்கள். கனமான டயரைத் திருப்பச் சிரமப்பட்டு, சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவின் பற்கள் உதிர்வதும் இதே வரிசையில் வருகிற பழுதுதான்.

அமைப்பை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, தரை, எண்ணெய், ஸ்பிரிங், டயர் ஆகியவற்றை எழுதுங்கள். எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் டயரையும் ஒரே நாளில் மாற்றியவர்களிடம் எது உதவியது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை.

பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று: வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவர வேண்டாம். ஷாக் தண்டைச் சுற்றிப் படிந்த எண்ணெய்ப் புழுதி வளையம் எந்த ஓ-ரிங் கசிகிறது என்பதைக் காட்டும். சேசிஸின் அடியில் உள்ள புதிய கீறல்கள் எந்த மூலை முதலில் தரையைத் தொடுகிறது என்பதைக் காட்டும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா, முழுவதும் தேய்ந்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். பழைய டயர்களைத் தூக்கி எறிந்திருக்காவிட்டால் அவற்றையும், உடைந்த ஆர்மின் இரண்டு துண்டுகளையும் ஒரு பையில் போட்டுச் சேர்த்தே எடுத்து வாருங்கள்.