அழுத்தி எழுதிய வரி

பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். கிழிந்த பத்திரங்களும் பூஞ்சை பிடித்த நூல்களும் என் மேசைக்கு வரும். ஆனால் கொண்டுவருகிறவரின் கை நடுங்குவதைக் கடிதங்கள் வரும்போதுதான் பார்க்கிறேன்.

ஒருமுறை ஒரு பெண்மணி, சட்டமிட்டு மாட்டியிருந்த தம் தந்தையின் கடிதத்தை எடுத்துவந்தார். பல ஆண்டு வெயிலில் எழுத்து ஏறக்குறைய மறைந்திருந்தது. பால்பாயிண்ட் மையின் சாயம் வெளிச்சத்தைத் தாங்காது. போன சாயம் திரும்பவும் வராது. அறையை இருட்டாக்கி, தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்தேன். பேனா முனை பதித்த பள்ளங்கள் நிழலாகத் தெரிந்தன. அவர் சொல் சொல்லாக வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டார். "இந்த வரியை மட்டும் அப்பா அழுத்தி எழுதியிருக்கிறார்" என்றார். மகளின் உடல்நிலையைக் கேட்டிருந்த வரி அது.

கைபேசியில் தட்டிய செய்தியில் எல்லா எழுத்துக்கும் ஒரே கனம்தான். எழுதியவர் எங்கே தயங்கினார், எந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு சொல்லைப் போட்டார், தாள் தீர்ந்தபிறகும் முடிக்க மனமில்லாமல் ஓரத்தில் எப்படி நுணுக்கி எழுதினார் என்பதெல்லாம் அதில் தங்குவதில்லை.

வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில், கிளாடியா செவேரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். அழைப்பு ஓர் எழுத்தரின் கையில் இருக்கிறது. கடைசிச் சில வரிகள் மட்டும் வேறு கையெழுத்து, அவளே எழுதியவை. எழுதித்தர ஆள் இருந்தும் அன்பைச் சொல்லும் இடத்தில் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வரிகள் அவை.

டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. எழுதுவோர் குறைந்ததுதான் காரணம். மறைந்த தாயின் செய்திகள் இருக்கும் கைபேசியோடு ஒருவர் என்னிடம் வந்தார். கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. தாளாக இருந்தால் எரிந்ததில் பாதியையாவது மீட்டிருப்பேன்.

அதனால் கையால் கடிதம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதத்திற்கு ஒன்று போதும். ஒரு பக்கம் போதும். அமிலமற்ற தாள் கிடைத்தால் நல்லது. மலிவான தாளில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவதால் அது சீக்கிரம் பழுத்து நொறுங்கும். நிறமி மை (கரையும் சாயத்துக்குப் பதிலாக நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) உள்ள ஜெல் பேனா வெளிச்சத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். பென்சிலும் குறைந்ததல்ல, கிராஃபைட் வெயிலில் மங்காது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கடிதங்களை, தயவுசெய்து, லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பதாக எண்ணி அன்போடு செய்கிறார்கள். அந்தச் சூடும் பசையும் தாளுக்குள் இறங்கியபின் பிரித்தெடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். கிழிசலில் ஒட்டுநாடாவும் வேண்டாம். நாடா உதிர்ந்துபோகும், பசை மட்டும் தாளில் ஊறிப் பழுப்புக் கறையாக நிற்கும். சுவரில் மாட்ட ஆசையென்றால் நகலை மாட்டுங்கள். மூலத்தை மடிப்பு நீக்கி, இருட்டான, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். தொடுவதற்குக் கையுறை தேவையில்லை; கழுவித் துடைத்த கை போதும்.

எழுதும்போது முழுத் தேதியையும் போடுங்கள். 'செவ்வாய்க்கிழமை, இரவு' என்று மட்டும் தொடங்கும் கடிதக் கட்டு ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. எது முதலில் எழுதியது, எது கடைசியில் எழுதியது என்று அவற்றை எழுதியவரின் பிள்ளைகள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.