மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த கறவைப் பசு அது. நான்கு நாளாக அசை போடவில்லை. இடது வயிறு உப்புவதும் வடிவதுமாக இருந்தது, பாலும் நின்றுவிட்டது. மாட்டு டாக்டரான எனக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆபரேஷன். இடது விலாவைத் திறந்து தோள் வரை கையை விட்டால், பிளாஸ்டிக் கவர்கள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தன. ஒன்றுக்குள் சோறு இருந்தது. போட்ட முடிச்சுகூட அவிழவில்லை.

கவரை விடுங்கள் என்று சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். “நாங்க கவரை வீணாக்கறதில்லையே டாக்டர், குப்பை கட்டத்தானே வச்சுக்கிறோம்?” அம்மா, ஐயா, பிரச்சினையே அதுதான்! உள்ளே சாம்பார் வாசனையும் வாழைப்பழத் தோலும் இருப்பதால்தான் மாடு தேடி வருகிறது. அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் வளைத்து இழுத்து, சரியாக மெல்லாமலே விழுங்கிவிடும், அப்புறம்தான் அசை போடும். கவரைப் பிரித்துச் சோற்றை மட்டும் எடுக்க அதற்குக் கையா இருக்கிறது? நீங்கள் எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறீர்களோ, அவ்வளவு முழுசாக உள்ளே போகும். தொட்டியில்தான் போட்டேன் என்பதும் செல்லாது. தெரு மாடு மேய்வதே தொட்டியில்தான்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை.

கடையில் ‘துணிப்பை’ என்று தருவதையும் நம்பாதீர்கள். கிழித்துப் பாருங்கள், நூல் வராவிட்டால் அதுவும் பிளாஸ்டிக்தான். தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. மழைக்கு ஓட்டேரி நல்லா கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் எதனால் அடைக்கின்றன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக் கொக்கியில் ஒரு மஞ்சப்பை எப்போதும் தொங்கட்டும். மளிகைக்குக் கட்டைப் பை எடுத்துப் போங்கள்; துவைத்துத் துவைத்து வருடக்கணக்கில் வரும். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. கடைக்காரர் கவரை எடுக்கும் முன்பே “வேணாம்ணா, பை இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். மீந்த சோற்றையும் தோலையும் வாளியில் சேர்த்துக் குப்பை வண்டியில் கொட்டுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களே, இரண்டாவது தடவை வயிறு உப்பினால் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். உடனே கொண்டு வாருங்கள்.

அந்தப் பசு நேற்று மாலைதான் மறுபடி அசை போட்டது. அடுத்த வாரம் அதே தெருவுக்குத்தான் திரும்பப் போகிறது. அங்கே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே வாளிக்கு மாறிவிடுங்கள்.