ஒரு முறையாவது முட்டையிடட்டும்

மீன் சந்தையில் குட்டி வஞ்சிரத்தைக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் என் கால் அங்கேயே நின்றுவிடும். ஒரு முழம்கூட இருக்காது. விலை குறைவு என்பதால் சீக்கிரம் விற்றும் போய்விடும். வஞ்சிரம் முதன்முதலாக முட்டையிடும் பருவத்துக்கு வரும்போது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும். அப்படியென்றால் அந்தக் கூறில் கிடப்பவை ஒரு முறைகூட முட்டையிடாமல் கரைக்கு வந்தவை. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும்போது, சில குட்டிகள் போனால் என்ன என்று தோன்றலாம். அந்த முட்டைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பொரிந்து வரும் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே வேறு உயிர்களுக்கு இரையாகின்றன. மிச்சத்தில் பலவற்றை நீரோட்டம் இரை கிடைக்காத இடத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஓர் ஆண்டு நல்ல பருவமாக அமையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் மொத்தமாகப் பொய்த்துப் போகும். ஆகவே ஒரு மீன் பல பருவங்கள் உயிரோடிருந்து திரும்பத் திரும்ப முட்டையிட்டால்தான், ஏதாவது ஒரு நல்ல பருவத்தில் அதன் வாரிசு பிழைக்கும்.

பெரிய தாய் மீன்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. நீளம் இரண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்காகும்; பல மீன் இனங்களில் முட்டைகளின் எண்ணிக்கை அதைவிடவும் வேகமாகக் கூடுகிறது. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அட்லாண்டிக் காட் மீனை வைத்து இதைக் கணக்கிட்டது. 30 கிலோ எடையுள்ள ஒரே தாய் மீன், 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகமாக முட்டையிடுகிறதாம். 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ! கடலில் எத்தனை டன் மீன் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எந்த வயது மீன் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

அதே காட் மீனின் கதை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நடந்தது. நூற்றாண்டுகளாக மீன் கொடுத்துவந்த கடல் அது. பிடித்த மீனைக் கப்பலிலேயே பதப்படுத்தும் பெரிய ஆலைக் கப்பல்கள் வந்த பிறகு, 1968-ல் ஒரே ஆண்டில் 8 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். 1992 ஜூலை 2-ம் தேதி அரசு காட் பிடிக்கத் தடை போட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டுகளில் நிலைமை சரியாகிவிடும் என்றுதான் அப்போது சொன்னார்கள். அந்தத் தடை நீங்கியது 2024-ல்.

இவ்வளவு பெரிய சரிவை ஏன் முன்கூட்டியே யாரும் உணரவில்லை? காட் கூட்டமாக வாழும் மீன். எண்ணிக்கை குறையும்போது கடல் முழுக்கச் சிதறி நிற்பதில்லை, எஞ்சியவை தமக்குப் பிடித்த சில இடங்களில் சேர்ந்துகொள்கின்றன. ஒலியை அனுப்பி மீன் கூட்டம் எங்கே என்று காட்டும் எக்கோ சவுண்டர் கருவி வைத்திருக்கும் படகு நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். வலை நிறையும். படகில் இருப்பவர் கண்ணுக்குக் கடல் செழிப்பாகத்தான் தெரியும், கடைசிக் கூட்டத்தில் கை வைக்கும் நாள்வரைக்கும். மீனவரின் அனுபவத்தில் குறையில்லை. மீன் நடந்துகொள்ளும் விதம் அப்படி. கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்ததும், காட் மீனின் இரையான கேப்லின் மீன் குறைந்ததும் சேர்ந்துகொண்டன. முதிர்ந்த மீன்கள் போதிய அளவு இருந்திருந்தால் அந்தக் கெட்ட ஆண்டுகளைத் தாங்கியிருக்கும் என்பதே என் எண்ணம்.

சரி, குட்டி மீன் எப்படிச் சிக்குகிறது? விசைப்படகு இழுக்கும் வலையின் கடைசிப் பையைத்தான் மடி என்கிறோம். வழக்கமான மடியின் கண்கள் சாய்சதுர வடிவில் இருக்கும். கரையில் விரித்துப் பார்த்தால் குட்டி மீன் தாராளமாக வெளியேறும் அளவுக்குத் தெரியும். கடலில் இழுக்கும்போது மீனின் பாரத்தில் நூல்கள் நீள்வாக்கில் இழுபட்டு, கண்கள் வெறும் கீற்றாக ஒடுங்கிவிடுகின்றன. அதே கண்ணைச் சதுரமாக அமைத்தால், நூலின் ஒரு வரிசை இழுவையைத் தாங்கிக்கொள்ள, குறுக்கு வரிசை தளர்ந்தே இருக்கும், கண் திறந்திருக்கும். வழக்கமான மடியில் வெளியேற முடியாமல் சிக்கியவையில் பெரும்பகுதி சங்காயம் என்ற பெயரில் கோழித் தீவன ஆலைக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகிறது. பெரிதாக வளர்ந்திருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும் மீன் அது. மீனவருக்கே இதில் நஷ்டம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இடைவெளியில் பிறந்து வளரும் குஞ்சை ஜூன் 15-ம் தேதிக்குப் பிறகு சின்னக் கண் வலையில் அள்ளினால், காத்திருந்ததன் பலன் பாதி போய்விடும்.

வாங்குகிற நாம் என்ன செய்யலாம்? நெத்திலி சிறியதாக இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. அது வளர்வதே அவ்வளவுதான், சீக்கிரம் பருவத்துக்கு வந்து முட்டையிட்டுவிடும். மத்தியும் ஒரு வயதுவாக்கில் முட்டையிடத் தொடங்கும். விரல் நீளத்தில் மத்திக் குஞ்சு வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். வஞ்சிரமா, முக்கால் மீட்டராவது இருக்கட்டும். மிகப் பெரிய தாய் மீன்களையும் மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் வஞ்சிரத்தை விசேஷ நாளைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சுறாவின் கணக்கே வேறு. பால்சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகளைத்தான் போடுகிறது, அதுவும் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து. சுறாப்புட்டுக்காக வாங்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

அப்புறம் சினை நண்டு. நம் ஊரில் அதைத் தேடி வாங்குகிறோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், சினையோடு சிக்கும் பெண் சிங்கி இறாலின் வால் மடலில் சின்ன வெட்டுப் போட்டுக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு சினை இல்லாத நேரத்தில் சிக்கினாலும், அந்த வெட்டைப் பார்க்கிறவர் அதைத் திரும்ப விட வேண்டும். சிறியதைப் பிடிக்கக் கூடாது என்பதோடு, மிகப் பெரியதையும் பிடிக்கக் கூடாது என்று 1933-லேயே சட்டம் போட்ட இடம் அது. நீலக்கால் நண்டின் வயிற்று மடலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் முட்டை மஞ்சளாகத் தொடங்கி, பொரியும் நேரத்தில் கருக்கும். கறுத்த சினையோடு ஒரு நண்டு கூடையில் கிடந்தால், அது இன்னும் ஓரிரு நாள் கடலில் இருந்திருந்தால் லட்சக்கணக்கான குஞ்சுகளை விட்டிருக்கும்.